வீட்டு இன்டர்நெட்: ஃபைபரா, கேபிளா, 5ஜி ரவுட்டரா?

நண்பர்களே, ஒரு யோசனை சொல்லுங்க. எங்க மாதிரி சின்ன நகரத்துல கிடைக்கிறது இந்த மூணுதான். மூணு தரப்பும் "100 எம்பிபிஎஸ்"னு அடிச்சுச் சொல்றாங்க. அது டவுன்லோடு கணக்கு, அதுவும் நொடிக்கு 100 மெகாபிட். எட்டு பிட் சேர்ந்தாதான் ஒரு பைட், அதனால மெகாபைட்ல பார்த்தா நொடிக்கு 12.5தான்.

எனக்கு முக்கியம் அப்லோடு, அதாவது நம்ம வீட்டுல இருந்து வெளிய போற வேகம். வீட்டுல ரெண்டு பேர் ஒரே நேரத்துல வீடியோ மீட்டிங்ல இருப்போம். இப்ப இருக்கிற கேபிள் லைன்ல ராத்திரி எட்டு மணிக்கு மேல எங்க முகம் அப்படியே உறைஞ்சு நிக்குது, குரல் மட்டும் விட்டு விட்டுப் போகுது. தெருவே ஒரே லைனைப் பங்கு போட்டா வேற என்ன ஆகும்!

5ஜி-ன்னா வயர் இழுக்கிற தொல்லை இல்ல. ஆனா டவர்ல கூட்டம் ஏறினா வேகம் படுத்துடும். வாசல் கேமராவை வெளிய இருந்து பார்க்க போர்ட் ஃபார்வர்டிங் (வெளிய இருந்து வர்ற இணைப்பை ரவுட்டர் கேமராவுக்குத் திருப்பி விடுறது) வேற வேணும், பப்ளிக் ஐபி (இன்டர்நெட்ல நம்ம லைனுக்குன்னு தனி முகவரி) கிடைக்கலன்னா அது நடக்காது.

என் மனசு ஃபைபர் பக்கம்தான். போட்டவங்க சொல்லுங்க: வயர் அறுந்தா எத்தனை நாள்ல வந்து ஒட்டித் தர்றாங்க? கரண்ட் போனா ரவுட்டருக்கு சின்ன யூபிஎஸ் தாங்குதா? முடிஞ்சா லேன் வயர் மாட்டி, ராத்திரி ஒன்பது மணிக்கு ஸ்பீடு டெஸ்ட் எடுத்துப் போடுங்க. விடியக்காலை ரிசல்ட் வேண்டாம், அந்த நேரத்துல எல்லா கம்பெனியும் ராஜாதான்.