மட்டிக் குழம்பு மார்ச்சில்

*பெரிய வீட்டுக் குழு*

காட்பாடி பெரியம்மா: தம்பி, சனிக்கிழமை மெயில் ஏறும்போது இரண்டு கிலோ மட்டிச் சிப்பி பனிக்கட்டி போட்டு வாங்கி வா. இலவம்பாடி முள்கத்தரி வாங்கி வைத்திருக்கிறேன். குழம்பு வைத்துவிடலாம்.

குடியாத்தம் மாமா: அக்கா, எனக்கும் ஒரு தூக்கு எடுத்து வையுங்கள்.

கொல்லம் தம்பி: பெரியம்மா, இப்போது வேண்டாம். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை எங்கள் கொல்லத்து அஷ்டமுடிக் காயலில் மட்டி எடுக்க மாட்டார்கள். அது முட்டையிடும் காலம்.

காட்பாடி பெரியம்மா: ஓட்டுக்குள் மூடிக்கொண்டு கிடக்கிற ஜீவன் எங்கே போய் முட்டையிடும்?

கொல்லம் தம்பி: எங்கும் போகாது பெரியம்மா. ஆண் தனி, பெண் தனி. கிடந்த இடத்திலிருந்தே விந்தையும் முட்டையையும் தண்ணீரில் விட்டுவிடும். கரு சேர்வதும் தண்ணீரில்தான். மழைக்காலத்தில் கல்லடையாறு காயலை நன்னீராக்கிவிடும். மழை ஓய்ந்து மறுபடி உப்பு ஏறும் காலம் இது. குஞ்சு கண்ணுக்கே தெரியாது. சில நாட்கள் மிதந்து நீந்தும். பிறகு மணலில் இறங்கிப் புதைந்துகொள்ளும். முட்டை விட்ட மட்டியில் சதையும் வற்றிப்போயிருக்கும், குழம்பில் ருசி வராது.

குடியாத்தம் மாமா: அவ்வளவு பெரிய காயலில் இரண்டு கிலோவா குறைந்துவிடப் போகிறது?

கொல்லம் தம்பி: எல்லோரும் அப்படி நினைத்துத்தான் வாரினார்கள் மாமா. 1990களில் வரத்து விழுந்துவிட்டது. அதன் பிறகு கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் சொன்னதைக் கேட்டு இந்த மூன்று மாத ஓய்வு வந்தது. குஞ்சு தப்ப வலைக்கண்ணுக்கும் அளவு வைத்தார்கள். 2014இல், வளம் குறையாமல் மீன் பிடிப்பதற்குத் தரும் எம்எஸ்சி என்ற சர்வதேசச் சான்றிதழ் கிடைத்தது, இந்திய மீன்பிடிப்பில் அதுவே முதல். எனக்கு மட்டி விற்கும் அக்கா இந்த மூன்று மாதமும் வேறு வேலைக்குப் போகிறார். அவர் பொறுத்திருக்கும்போது நான் எந்த முகத்தோடு கேட்பது?

வாணியம்பாடி அத்தை: அவன் சொல்வது சரி. 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்ததே, அப்போது நம் ஏரி மதகில் கெளுத்தி எதிரேறி வந்தது. பையன்கள் கூடையோடு ஓடினார்கள். அப்பா துண்டை விரித்து வழி மறித்து நின்றார். "சினை மீனடா, விடுங்கள்" என்று அவர் கத்தியது இன்னும் காதில் கேட்கிறது.

காட்பாடி பெரியம்மா: அப்பா நின்றது எனக்கும் நினைவிருக்கிறது. மட்டி மார்ச்சில் வரட்டும். கத்தரிக்காயில் நெத்திலிக் கருவாடு போடுகிறேன். ஞாயிறு விடியற்காலை ஸ்டேஷனுக்கு யார் போகிறீர்கள்?

குடியாத்தம் மாமா: நான் வருகிறேன் அக்கா. தூக்கையும் எடுத்து வருகிறேன்.