பாலக்கோட்டு ஓட்டு வீடு: கூலிக்கு மேஸ்திரியா, பொருளோடு ஒப்பந்தக்காரரா?

பாலக்கோட்டுக்காரன்:
பாலக்கோட்டில் அம்மா தனியாக இருக்கும் வீட்டைப் புதுப்பிக்க வேண்டும். முன்பக்கம் மங்களூர் ஓடு. பின்பக்கம் இரண்டு அறைகளுக்கு மட்டும் காங்கிரீட் தளம். செங்கல் சுவர், தாத்தா காலத்தது. ஓட்டைப் பிரித்துவிட்டு அங்கேயும் தளம் போட வேண்டும். பின் அறை ஒழுகுவதை நிறுத்த வேண்டும், உதிர்ந்த பூச்சைப் புதிதாகப் பூச வேண்டும், வீட்டை ஒட்டி ஒரு கழிப்பறையும் வேண்டும். எனக்கு ஒசூரில் வேலை, வாரக் கடைசியில்தான் வர முடியும். இரண்டு பேர் வந்து பார்த்தார்கள். ஊர் மேஸ்திரி கூலிக்கு மட்டும் செய்கிறேன், பொருளை நீங்கள் வாங்கிக் கொடுங்கள் என்கிறார். தருமபுரியிலிருந்து வந்த ஒப்பந்தக்காரர் பொருளோடு சேர்த்துச் சதுர அடிக்கு ஒரு தொகை சொல்லி, பாதியை முன்பணமாகக் கேட்கிறார். யாரிடம் கொடுப்பது?

காவேரிப்பட்டணத்துக்காரி:
மேஸ்திரியிடம்தான், இதில் யோசிக்க என்ன இருக்கிறது? பொருளோடு ஒப்பந்தம் என்றால் அவருடைய லாபம் கம்பியின் கனத்திலும் சிமென்ட் மூட்டைகளிலும் இருந்துதான் வர வேண்டும். கிரஷர் தூசியை எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் கட்டுமான மணல்) என்று கொட்டிவிட்டுப் போன லாரியை எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன். வீட்டுக்காரர் கேட்டதற்கு, "எல்லாம் ஒரே கல்தானே அம்மா" என்றாராம் அந்த ஒப்பந்தக்காரர். ஊர் மேஸ்திரி நாளைக்கும் அதே டீக்கடையில் உங்கள் முகத்தில் விழித்தாக வேண்டும். பாதிப் பணம் முன்னால் கேட்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள் தம்பி.

ரசமட்டம்:
அரசுக் கட்டட வேலைகளில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். காவேரிப்பட்டணத்து அம்மா சொல்வதில் முன்பணத்தைப் பற்றிய பகுதி மட்டும் சரி. மற்றபடி, கூலி ஒப்பந்தம் என்பது நாள்தோறும் வேலை நடக்கும் இடத்தில் நிற்கக்கூடியவர்களுக்குத்தான் பொருந்தும். இவர் ஒசூரில் இருக்கிறார். செவ்வாய்க்கிழமை காலையில் ஜல்லி தீர்ந்துபோனால் யார் வாங்குவது? வயதான அம்மாவா? ஆட்கள் உட்கார்ந்திருக்கும் நாளுக்கும் கூலி ஓடும். பொருளோடு கொடுக்கலாம். ஆனால் சதுர அடிக் கணக்கில் வேண்டாம். அது புதிதாகக் கட்டும் வீட்டுக்கான கணக்கு. பழைய வீட்டில் ஒரு சுவரைத் தட்டினால் அரை அங்குலம் பூச்சு விழும், அடுத்ததில் செங்கல்லே கையோடு வரும். இடிப்பதற்குத் தனி, இடிபாட்டை அள்ளிப் போடுவதற்குத் தனி, பூச்சுக்குச் சுவர்ப் பரப்பளவில் தனி, மின்சாரத்துக்கு ஒரு பாயிண்டுக்கு இவ்வளவு என்று வேலைவாரியாக விலை எழுதி வாங்குங்கள். முடிந்த பிறகு இருவரும் டேப்பைப் பிடித்து அளந்து பணம் கொடுங்கள்.

பென்னாகரத்து மேஸ்திரி மகன்:
ஐயாவும் அக்காவும் எங்களைப் பற்றி மட்டுமே பேசுகிறீர்கள். வீட்டுக்காரர்களைப் பற்றியும் கொஞ்சம் பேசலாம். கழிப்பறையைக் கிழக்கே கட்டச் சொல்வார்கள். கடைக்கால் தோண்டிய பிறகு ஜோசியர் வந்து மேற்கே மாற்றச் சொல்வார். அந்தக் குழி வெட்டிய கூலி யார் கணக்கு? ஜன்னலுக்கு மேலே ஒரு பலகை, படிக்குக் கீழே ஒரு அலமாரி என்று வாயால் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். கடைசியில் "பேசியது இவ்வளவுதானே" என்பார்கள். அப்பா செய்த வேலைகளில் கடைசித் தவணை முழுதாகக் கைக்கு வந்தவை குறைவு. முன்பணம் அதிகமாகக் கேட்பது அந்தப் பயத்தால்தான்.

ஆட்கள் ஓடிவிடுகிறார்கள் என்ற குறையும் அடுத்து வரும் என்று தெரியும். ஆமாம், போகிறார்கள். எங்கள் பக்கத்து ஆட்களுக்குப் பெங்களூரில் எப்போதும் வேலை இருக்கிறது, கூலியும் கூடுதல். வாரக் கூலியைச் சனிக்கிழமை கொடுக்காமல், "திங்கட்கிழமை பார்க்கலாம்" என்று சொன்னால் திங்கட்கிழமை அவர்கள் பெங்களூர் பஸ்ஸில் இருப்பார்கள்.

காவேரிப்பட்டணத்துக்காரி:
தம்பி சொல்லும் ஜோசியர் எங்கள் தெருவிலும் இருக்கிறார்! சரி, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ரசமட்டம் ஐயாவின் யோசனை தருமபுரியில் நடக்காது. நாலு லட்ச ரூபாய் வேலைக்கு வேலைவாரி விலைப்பட்டியல் எழுதித் தரும் ஒப்பந்தக்காரரை எங்கே பார்த்தீர்கள்? எழுதித் தந்தாலும் அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வழக்கா போட முடியும்?

ரசமட்டம்:
போடலாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வீடு கட்டித் தருவதும் சேவைதான். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்கறிஞர் இல்லாமலே மனு கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் இல்லை. குறை தெரிந்ததிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் போக வேண்டும். அங்கே போய் நின்றால் கேட்கும் முதல் கேள்வி, என்ன பேசினீர்கள், எதில் எழுதினீர்கள் என்பதுதான். முத்திரைத் தாள்கூடக் கட்டாயம் இல்லை. வேலையின் அளவு, விலை, சிமென்ட் கலவை விகிதம், தவணை ஆகியவற்றை எழுதி இருவரும் கையெழுத்திட்ட வெள்ளைத் தாளும், வங்கி வழியாகப் பணம் கொடுத்த பதிவும் இருந்தால் போதும். ரொக்கமாகக் கொடுத்துவிட்டு வாய்ச்சொல்லை நம்பியவருக்குத்தான் சிரமம். ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) என்று சிலர் சொல்வார்கள். மனை, அடுக்ககம் விற்கும் திட்டங்களுக்கானது அது. சொந்த வீட்டுப் பழுதுபார்ப்புக்கு அங்கே இடமில்லை.

ஒசூர் வாடகைவாசி:
வழக்கு முடிவதற்குள் பின் அறை இன்னும் எத்தனை மழை பார்க்கும் ஐயா?

ரசமட்டம்:
அதற்குத்தான் பிடித்தம். அரசு வேலையில் ஒப்பந்தக்காரரின் பணத்தில் ஒரு பங்கை நிறுத்திவைத்து, குறைபாட்டுக் காலம் முடிந்த பிறகே விடுவிப்போம். இவரும் பத்தில் ஒரு பங்கை ஒரு மழைக்காலம் முடியும்வரை வைத்துக்கொள்ளட்டும்.

பென்னாகரத்து மேஸ்திரி மகன்:
அரசு வேலையில் அந்தப் பணம் என்றாவது ஒருநாள் திரும்பி வரும். தனியார் வீட்டில் "பிடித்தம்" என்றால் அது போன பணம். பிடித்துவைக்கலாம், எந்தத் தேதியில், எதைப் பார்த்துவிட்டுத் தருவோம் என்பதையும் அதே தாளில் எழுத வேண்டும். எழுதினால் அப்பா ஒப்புக்கொள்வார்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். பாலக்கோட்டு அண்ணா, அந்த இரண்டு பேரில் யாராவது சுவர்ப் பூச்சைத் தட்டிப் பார்த்தார்களா?

பாலக்கோட்டுக்காரன்:
இல்லை. இருவருமே திண்ணையில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டுத்தான் விலை சொன்னார்கள். ஒப்பந்தக்காரர் மட்டும் தளத்தைக் காலடியால் அளந்தார்.

பென்னாகரத்து மேஸ்திரி மகன்:
அப்படியானால் இரண்டு விலையும் செல்லாது. தாத்தா காலத்துச் சுவர் என்கிறீர்கள். அந்தக் காலத்து வீடுகளில் பல மண் சாந்தில் கட்டி, வெளியே மட்டும் சுண்ணாம்போ சிமென்டோ பூசியவை. அடுத்த முறை வரும்போது வெளி மூலையில், கடைக்காலுக்கு ஒரு முழம் மேலே, ஒரு கையகலம் பூச்சை உடைத்து ஆணியால் சுரண்டிப் பாருங்கள்.

ரசமட்டம்:
மேஸ்திரி மகனுக்கு நன்றி. நான் முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. கணக்கைப் பாருங்கள்: 5 அங்குலத் தளம் சதுர அடிக்கு ஏறத்தாழ 30 கிலோ. மங்களூர் ஓடு, அடியில் உள்ள ரீப்பரோடு (ஓட்டைத் தாங்கும் மரச்சட்டம்) சேர்த்து, 6 கிலோ. பழைய சுவரின் மேல் ஐந்து மடங்கு சுமையை ஏற்றுகிறோம். அதற்கு மேல் ஆட்கள் நடப்பார்கள், தண்ணீர்த் தொட்டி வரும்.

பாலக்கோட்டுக்காரன்:
ஞாயிற்றுக்கிழமை சுரண்டிப் பார்த்தேன். முன்பக்கம் மண் சாந்துதான். ஆணி அப்படியே உள்ளே போகிறது. பின்பக்க அறைகள் அப்பா பிறகு கட்டியவை, அங்கே சிமென்ட் சாந்து. இருவரிடமும் தொலைபேசியில் சொன்னேன். ஒப்பந்தக்காரர், "ஒன்றும் ஆகாது சார், இதுபோல நிறைய வீடுகளுக்குப் போட்டிருக்கிறோம்" என்றார். மேஸ்திரி கொஞ்சம் பேசாமல் இருந்துவிட்டு, தூண் நிறுத்தித்தான் தளம் போட முடியும், செலவு கூடும் என்றார்.

காவேரிப்பட்டணத்துக்காரி:
பார்த்தீர்களா! யாரை நம்புவது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

ரசமட்டம்:
அவசரப்படாதீர்கள் அம்மா. தூண் எத்தனை, அதன் கடைக்கால் எவ்வளவு ஆழம், கம்பி என்ன கனம் என்று மேஸ்திரி மனக்கணக்கில் சொல்லக் கூடாது. ஒரு கட்டமைப்புப் பொறியாளரை ஒருமுறை வரவழைத்து வரைபடம் வாங்குங்கள். கொடுக்கும் கட்டணம், தவறான இடத்தில் நின்ற ஒரு தூணை இடிக்கும் செலவைவிடக் குறைவாகவே இருக்கும். வரைபடம் கையில் இருந்தால் கூலிக்கு மேஸ்திரியிடம் கொடுப்பதிலும் எனக்குத் தடை இல்லை. பொருள் கணக்கை ஒசூரில் இருந்தே பார்க்கலாம். 12 மில்லிமீட்டர் பூச்சு, 1:5 கலவை (ஒரு பங்கு சிமென்டுக்கு ஐந்து பங்கு மணல்) என்றால் 100 சதுர அடிக்கு ஏறத்தாழ ஒரு மூட்டை சிமென்ட். இரண்டு மூட்டை ஆனதாகச் சொன்னால் காரணம் கேளுங்கள். கோணல் சுவராக இருந்தால் கூடுதலாகப் பிடிக்கும், அதையும் மறந்துவிடாதீர்கள்.

ஒசூர் வாடகைவாசி:
ஒரு சந்தேகம். பாலக்கோட்டுப் பக்கம் போர் தண்ணீரில் ஃபுளோரைடு என்கிறார்களே, அதில் காங்கிரீட் கலக்கலாமா?

ரசமட்டம்:
ஃபுளோரைடு குடிப்பவர்களின் பல்லையும் எலும்பையும்தான் கெடுக்கும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். கம்பிக்குப் பகை குளோரைடு. போர் தண்ணீர் உப்புக் கரித்தால் கலவைக்கு வேண்டாம்.

பென்னாகரத்து மேஸ்திரி மகன்:
தண்ணீர் என்றதும் மாதக் கணக்கும் வருகிறது. ஆடி தொடங்கி ஐப்பசி வரை ஓட்டைப் பிரிக்காதீர்கள். இந்த மாவட்டத்தில் ஆவணி, புரட்டாசியிலேயே நல்ல மழை இருக்கும். சித்திரையில் போட்டால் தளத்தை நனைத்து நீராற்றத் தண்ணீர் இருக்காது, லாரித் தண்ணீர்தான். இப்போது கடைகளில் கிடைக்கும் பிபிசி (சாம்பல் கலந்த) சிமென்டுக்குப் பத்து நாளாவது ஈரம் காயாமல் இருக்க வேண்டும். தையில் தொடங்கி மாசிக்குள் தளத்தை முடித்துவிடுங்கள். வருகிற ஆட்களிடம் கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை இருக்கிறதா என்றும் கேளுங்கள். ஓடு பிரிக்கும்போதுதான் விழுவார்கள், அப்போது உதவித்தொகை கேட்க அந்த அட்டை வேண்டும்.

பாலக்கோட்டுக்காரன்:
பொறியாளரிடம் பேசினேன். முன்பக்கத்துக்கு ஆறு தூணாவது வேண்டியிருக்கும் என்கிறார். அவ்வளவு பணம் இப்போது இல்லை. பின் அறை ஒழுகல், கழிப்பறை, பூச்சு மூன்றையும் மேஸ்திரியிடம் கூலிக்குக் கொடுத்துவிட்டு, முன்பக்கம் உளுத்த ரீப்பர்களையும் உடைந்த ஓடுகளையும் மட்டும் மாற்றலாம் என்று நினைக்கிறேன். விலை, தவணை, பிடித்தம் திருப்பித் தரும் தேதி எல்லாவற்றையும் தாளில் எழுதிக் காட்டினேன். மேஸ்திரி படித்துவிட்டு, "மாற்றச் சொன்னால் அதற்குத் தனிக் கூலி" என்று ஒரு வரி சேர்த்துக் கையெழுத்துப் போட்டார்.

காவேரிப்பட்டணத்துக்காரி:
மறுபடியும் ஓடா? குரங்குத் தொல்லையை யார் பார்ப்பது தம்பி? எங்கள் தெருவில் ஓட்டு வீடு வைத்திருப்பவர்கள் ஆண்டுதோறும் ஏணி வைத்து ஏறிக்கொண்டிருக்கிறார்கள். கடன் வாங்கியாவது தூணை நிறுத்துங்கள்.

ரசமட்டம்:
கடன் வேண்டாம். ஓட்டுக்கு அடியில் தகரம் அடித்துக்கொள்ளட்டும்.

பென்னாகரத்து மேஸ்திரி மகன்:
தகரம் அடித்தால் பங்குனியில் அம்மா உள்ளே இருக்க முடியாது ஐயா.