ரேஸ் கொடுத்தா சூடு ஏறுது, புகை கருப்பா வருது: பூலாம்பட்டி படகு எஞ்சின்

காவிரிக்கரை:

வணக்கம்ங்க. சேலம் மாவட்டம் பூலாம்பட்டிக்கும் எதிர்க்கரை நெரிஞ்சிப்பேட்டைக்கும் நடுவுல காவிரியில ஆளும் பைக்கும் ஏத்துற விசைப்படகு. உள்ளே பொருத்துன 3 சிலிண்டர் டீசல் எஞ்சின், 40 குதிரைத்திறன், டர்போ கிடையாது. ஆத்துத் தண்ணி பம்ப் வழியா ஹீட் எக்ஸ்சேஞ்சருக்குப் போய், எஞ்சினுக்குள்ள சுத்துற கூலன்ட்டோட சூட்டை வாங்கிக்கிட்டு, எல்போவுல (புகைக்குழாய் வளைவுல) புகையோட கலந்து பின்பக்கம் விழுது.

1200 ஆர்.பி.எம்-ல மீட்டர் 80 டிகிரியிலேயே நிக்குது. 2000-க்கு மேல ரேஸ் கொடுத்தா பத்தே நிமிசத்துல 98, அலாரம் அடிக்குது. பின்னாடி விழற தண்ணி ரேஸுக்கு ஏத்த மாதிரி கூடல, ஆவி பறக்குது. லோடு ஏத்துனா கரும்புகை. முன்ன 2600 வரை போன எஞ்சின் இப்ப 2200 தாண்ட மாட்டேங்குது.

போன மாசம் பம்புக்குள்ள சுத்துற ரப்பர் இறக்கைச் சக்கரம், அதான் இம்பெல்லர், புதுசு போட்டாச்சு. பழசுல இரண்டு இறக்கை உடைஞ்சிருந்துச்சு. சூடு குறையட்டும்னு தெர்மோஸ்டாட்டை (சூடு ஏறினதும் கூலன்ட் பாதையைத் திறக்கிற வால்வு) கழட்டியாச்சு, ஒண்ணும் மாறல. எஞ்சின் மேல்மூடிக்கு (ஹெட்) அடியில இருக்கிற கேஸ்கட் போயிருக்கும்னு சொல்றாங்க. ஹெட்டை இறக்குறதுக்கு முன்னாடி வேற என்ன பார்க்கணும்?

லேத்துப்பட்டறை:

ஹெட்டை இப்ப தொடாதீங்க. கேஸ்கட் போயிருந்தா ஸ்லோவிலயும் கூலன்ட் குறையும், கூலன்ட் டேங்க்ல விடாம குமிழி வரும். உங்களுக்கு ரேஸ் கொடுக்கும்போது மட்டும்தான் சூடு. அது பெரும்பாலும் தண்ணி பத்தாத கேஸ்.

முதல் வேலை, தெர்மோஸ்டாட்டைத் திரும்பப் போடுங்க. அதைக் கழட்டிப் போடுறது நம்ம பக்கத்து நாட்டு வைத்தியம். பல எஞ்சின்ல தெர்மோஸ்டாட் திறக்கும்போதே பைபாஸ் பாதையை மூடும். அது இல்லைன்னா கூலன்ட்ல ஒரு பங்கு எக்ஸ்சேஞ்சருக்கே போகாம எஞ்சினுக்குள்ளயே சுத்தும். குளிர வேண்டியது குளிராது. பழசு நல்லதான்னு பார்க்க, ஒரு சட்டித் தண்ணியில நூல் கட்டித் தொங்கவிட்டு சூடு பண்ணுங்க, அடியில படக்கூடாது. மேல குத்தியிருக்கிற டிகிரிக்குப் பக்கத்துல திறக்க ஆரம்பிக்கணும், அதுக்கு மேல பத்துப் பன்னிரண்டு டிகிரிக்குள்ள முழுசாத் திறக்கணும்.

அடுத்தது வாளி டெஸ்ட். 20 லிட்டர் பெயின்ட் வாளி ஒண்ணு, கையில செல்போன் கடிகாரம். பம்ப்ல இருந்து எக்ஸ்சேஞ்சருக்குப் போற ஹோஸைக் கழட்டி வாளியில விட்டு, 1000-ல 30 செகண்ட், 2000-ல 30 செகண்ட் பிடிங்க. டெஸ்ட் அவ்வளவுதான், அதுக்கு மேல எஞ்சினை அப்படியே ஓட்டாதீங்க. சைலன்சர் ஹோஸுக்குத் தண்ணி போகாததால கருகிடும்.

ரப்பர் இம்பெல்லர் பம்ப் ஒரு சுத்துக்கு இவ்வளவுன்னு அளந்து தள்ளுற ஜாதி. சுத்து இரட்டிச்சா தண்ணியும் ஏறக்குறைய இரட்டிக்கணும். அப்படி இல்லைன்னா கோளாறு பம்புக்கு முன்னாடி, அதாவது உறிஞ்சுற பக்கத்துல. இரட்டிச்சும் சூடு ஏறுதுன்னா பம்புக்குப் பின்னாடி தேடுங்க. அளவை இங்க போடுங்க.

காவிரிக்கரை:

1000-ல அரை நிமிசத்துக்கு 7 லிட்டர். 2000-ல எட்டரை லிட்டர்தான்.

லேத்துப்பட்டறை:

அப்ப சந்தேகமே வேண்டாம், பம்புக்கு முன்னாடிதான். 2000-ல 13, 14 லிட்டர் வந்திருக்கணும்.

கீழே இருந்து மேல வாங்க. படகு அடியில இருக்கிற சல்லடையில ஆகாயத்தாமரை வேர் சுத்தியிருக்கும். கதவணை பராமரிப்புக்குத் தண்ணி வடியற நாள்ல சேறும் சேர்ந்து ஏறும். அடுத்தது, அந்தச் சல்லடைக்கு மேல ஆத்துத் தண்ணியைத் திறந்து மூடுற வால்வு. கைப்பிடி முழுசாத் திரும்பினாலும் உள்ள உருண்டை பாதிதான் திறக்கிற கேஸ் உண்டு, ஹோஸைக் கழட்டிட்டு ஒரு நொடி திறந்து பார்த்தா தண்ணி எவ்வளவு வேகமா ஏறுதுன்னு தெரிஞ்சிடும். ஓட்டையை அடைக்கப் பக்கத்துலயே மரக்கட்டை ஆப்பு ஒண்ணு தயாரா வெச்சுக்கிட்டு இதைச் செய்யுங்க. அப்புறம் குப்பையை வடிகட்டுற டப்பா, அதான் ஸ்ட்ரெய்னர். கூடையை மட்டும் கழுவினாப் போதாது, மூடி ரப்பரையும் பாருங்க. அது இறுகிப் போயிருந்தா தண்ணி வெளிய கசியாது, காத்துதான் உள்ள போகும். கண்ணாடி மூடியா இருந்தா ரேஸ் கொடுக்கும்போது குமிழி ஓடுறது தெரியும்.

கடைசியா ஹோஸ். கிணத்து மோட்டாருக்குப் போடுற பச்சை சக்ஷன் ஹோஸா? எஞ்சின் சூட்டுல அது இளகிடும். ஸ்லோவில ஒழுங்கா இருக்கும், 2000-ல பம்ப் இழுக்குற இழுவைக்கு நடுவுல சப்பிக்கும். எஞ்சினை நிறுத்தினதும் திரும்ப உருண்டையாயிடும், அதனாலதான் யார் கண்ணுலயும் படறதில்ல. ரேஸ் கொடுக்கும்போது கையில பிடிச்சுப் பாருங்க. மாத்தறதா இருந்தா உள்ள ஸ்டீல் கம்பிச் சுருள் வெச்ச ரப்பர் ஹோஸ் போடுங்க, சேலம் செவ்வாய்ப்பேட்டை ஹார்டுவேர் கடைகள்ல விசாரிங்க. தண்ணி மட்டத்துக்குக் கீழ வர்ற ஒவ்வொரு முனையிலயும் இரண்டு ஸ்டெயின்லெஸ் கிளிப்.

காவிரிக்கரை:

பச்சை ஹோஸேதாங்க. எக்ஸ்சேஞ்சர் பக்கத்துல வளையுற இடம் ரேஸ்ல தட்டையாகுது. மாத்தியாச்சு. இப்ப 2000-ல அரை நிமிசத்துக்கு பதிமூன்றரை லிட்டர். தெர்மோஸ்டாட்டும் போட்டாச்சு. ஆனா முழு லோடுல இன்னும் 91, 92 வரை போகுது. கரும்புகை அப்படியே இருக்கு, 2300-க்கு மேல ஏறல.

டீசல்வாசனை:

அந்த உடைஞ்ச இரண்டு இறக்கை எங்கன்னு யாராவது தேடினீங்களா? கண்டிப்பா எக்ஸ்சேஞ்சர் வாயில உட்கார்ந்திருக்கும், இல்லைன்னா கியர் ஆயில் கூலர் வாயில. பம்புக்கு அடுத்து முதல்ல வர்ற மூடியைக் கழட்டுங்க. உடைஞ்ச துண்டை எடுத்துப் பழைய இம்பெல்லர்மேல வெச்சு, இரண்டு இறக்கையும் முழுசாச் சேருதான்னு பார்த்தாத்தான் வேலை முடிஞ்ச மாதிரி.

மூடியைத் திறந்தா குழாய்கள்ல வெள்ளையா சுண்ணாம்பு படிஞ்சிருக்கான்னும் பாருங்க. இரும்புக் கம்பியால குத்தாதீங்க, குழாய் கிழிஞ்சிடும். மூங்கில் குச்சி போதும். கட்டியாப் படிஞ்சிருந்தா 10 லிட்டர் வெந்நீர்ல அரைக் கிலோ சிட்ரிக் ஆசிட் கலந்து இரண்டு மணி நேரம் ஊற வெச்சு, பிறகு நல்ல தண்ணியில அலசுங்க. பாத்ரூம் கழுவுற ஆசிட் வேகமாத்தான் வேலை செய்யும், ஈயப்பத்து வெச்ச இணைப்பையும் சேர்த்துத் தின்னுடும். அலுமினிய உடம்பு வெச்ச எக்ஸ்சேஞ்சர்னா எந்த ஆசிட்டும் வேண்டாம்.

எக்ஸ்சேஞ்சர் அரிக்காம இருக்க, தான் கரையுற துத்தநாகப் பென்சில் அதுல போட்டிருந்தா, அது கடலுக்கான சரக்கு. காவிரித் தண்ணியில மேல ஒரு பூச்சு பிடிச்சு சும்மா கிடக்கும். நல்ல தண்ணிக்கு மக்னீசியம்தான். பழசு துண்டு துண்டா உதிர்ந்து குழாயை அடைக்கிறதும் உண்டு.

கரும்புகை தனிக் கதை. ஏர் ஃபில்டர், புரொப்பெல்லர்ல கயிறோ தாமரைத் தண்டோ சுத்தியிருக்கிறது, இரண்டையும் அஞ்சு நிமிசத்துல பார்த்துடலாம். அது சரியா இருந்தா மிக்ஸிங் எல்போதான். சூடான புகையும் தண்ணியும் சந்திக்கிற இடத்துல கரியும் துருவும் சேர்ந்து கல்லு மாதிரி கட்டும். வெளிய பார்த்தா புதுசு மாதிரியே இருக்கும், உள்ள 50 மில்லிமீட்டர் வழி 30 ஆகியிருக்கும். புகை வெளிய போக முடியலைன்னா புதுக் காத்து உள்ள வராது. டீசல் பாதி எரியும், கரும்புகை வரும், ஆர்.பி.எம் ஏறாது, சூடும் கூடும். உங்க மூணு குறையும் அதுல அடங்கிடுது.

கழட்டாம உறுதி பண்ணணும்னா கொத்தனார் மட்டக்குழாய் போதும். எல்போவுல தண்ணி கலக்குறதுக்கு முன்னாடி ஒரு பிளக் இருக்கும். அதுல ஒரு அடி செம்புக்குழாய் மாட்டி, அதோட நுனியில மட்டக்குழாயை மாட்டி, U வடிவத்துல வளைச்சுப் பாதித் தண்ணி ஊத்துங்க. செம்புக்குழாய் இல்லாம நேரா மாட்டினா பிளாஸ்டிக் உருகிடும். முழு லோடுல இரண்டு பக்கத் தண்ணி மட்டத்துக்கும் எவ்வளவு வித்தியாசம்னு அளந்துக்கோங்க. 10 செ.மீ. வித்தியாசம்னா ஏறத்தாழ 1 கிலோபாஸ்கல். உங்க எஞ்சின் மேனுவல்ல போட்டிருக்கிற வரம்போட ஒத்துப் பாருங்க.

லேத்துப்பட்டறை:

எல்போவைச் சுரண்டிப் போட்டா ஒரு சீசன் தாங்கும், அவ்வளவுதான். உருக்காலை இருக்கிற சேலத்துப் பக்கம் இருந்துக்கிட்டு துருப்பிடிச்ச இரும்பைச் சுரண்டிக்கிட்டு இருக்கணுமா? பழசை மாதிரிக்குக் கொடுத்து 316எல் ஸ்டெயின்லெஸ்ல டிக் வெல்டிங் பண்ணி வாங்குங்க. இரண்டு விஷயத்தை மட்டும் விட்டுக்கொடுக்காதீங்க. தண்ணி நுழையுற மூக்கு புகை போற திசையைப் பார்த்துச் சாய்ஞ்சிருக்கணும். எல்போவுல இருந்து வாட்டர் லாக் (புகையோட வர்ற தண்ணி தேங்குற டப்பா) வரைக்கும் ஹோஸ் ஒரு அடிக்கு அரை அங்குலமாவது இறங்கணும்.

வெல்டிங்ல ஊசி ஓட்டை இருக்கான்னு சோப்புத் தண்ணி போட்டுப் பாருங்க. மூடுன எஞ்சின் அறைக்குள்ள புகை கசிஞ்சா அது வெறும் நாத்தம் இல்லை, கார்பன் மோனாக்சைடு. அதுக்கு வாசனையே கிடையாது.

சேர்வராயன்:

இடையில ஒரு கேள்வி. இதே மாதிரி எஞ்சின் ஏற்காடு உயரத்துல ஓடினா கணக்கு மாறுமா?

டீசல்வாசனை:

மாறும். கிட்டத்தட்ட 1,500 மீட்டர்ல தண்ணி 95 டிகிரியிலேயே கொதிச்சிடும். கூலன்ட் டேங்க் மூடியோட ஸ்பிரிங் நல்லா இருந்தா கவலை இல்லை, 0.9 பார் மூடி கொதிநிலையை 20 டிகிரிக்கு மேல தூக்கிக் கொடுக்கும். ஆனா மூடி ரப்பர் போயிருந்தா, பூலாம்பட்டியில 96-ல சமாளிக்கிற எஞ்சின் அங்க பொங்கி ஊத்திடும். காத்தும் 15 சதவீதம் போல லேசு, அதனால அதே டீசலுக்குக் கரும்புகை கூடும். அங்க புகையைப் பார்த்ததும் எல்போவைக் கழட்ட வேண்டாம், முதல்ல டீசல் அளவைக் குறைச்சுப் பார்க்கணும்.

காவிரிக்கரை:

எக்ஸ்சேஞ்சர் வாயில ஒண்ணரை இறக்கை கிடைச்சுது, மீதி அரை கியர் ஆயில் கூலர்ல. எல்போ உள்ள சுண்டுவிரல்தான் போகுது, புதுசுக்குக் கொடுத்தாச்சு. இன்னொண்ணு கேக்கணும். காலையில ஸ்டார்ட் ஆக ரொம்ப நேரம் எடுக்குது. இதனால ஏதாவது கெடுதல் வருமா?

டீசல்வாசனை:

வரும். ஸ்டார்ட்டர் சுத்துற ஒவ்வொரு தடவையும் பம்ப் தண்ணியைத் தள்ளிக்கிட்டே இருக்கும். எஞ்சின் எரியாததால அதை வெளிய தள்ளப் புகை இருக்காது. வாட்டர் லாக் நிரம்பி, தண்ணி எல்போ வழியாத் திரும்பி சிலிண்டருக்குள்ள இறங்கும். மூணு நாலு தடவைக்கு மேல சுத்த வேண்டியிருந்தா ஆத்துத் தண்ணி வால்வை மூடிட்டுச் சுத்துங்க. எரிஞ்ச உடனே, அந்த நிமிசமே திறங்க. மறந்தா புது இம்பெல்லரும் போயிடும்.

உங்க படகுல பைக் ஏத்துறதால இன்னொரு சிக்கல். காலிப் படகுல எல்போ தண்ணி மட்டத்துக்கு மேல இருக்கும். முழு லோடுல படகு அமிழ்ந்தா அதே எல்போ மட்டத்துக்கு வந்துடும். எஞ்சினை நிறுத்தினதும் ஆத்துத் தண்ணி சைஃபன் மாதிரி தானா உள்ள ஏறும். லோடு ஏத்தி நிக்கும்போது அளந்து பாருங்க. தண்ணி கலக்குற இடம் மட்டத்துக்கு மேல 15 செ.மீ. இல்லைன்னா, எக்ஸ்சேஞ்சருக்கும் எல்போவுக்கும் நடுவுல ஹோஸை உயரமா வளைச்சு, உச்சியில சைஃபனை உடைக்கக் காத்து வால்வு ஒண்ணு போட்டே ஆகணும்.

என்னைக்காவது ஸ்டார்ட்டர் 'டக்'னு ஒரே அடியில நின்னுட்டா, சிலிண்டர்ல தண்ணி நிக்கலாம். மறுபடி சாவியைத் திருப்பாதீங்க, கனெக்டிங் ராடு வளைஞ்சிடும். இன்ஜெக்டர்களைக் கழட்டிட்டு, புல்லியைக் கையால இரண்டு முழு சுத்து சுத்தி தண்ணியை வெளிய எடுங்க. ஆயில் மோர் மாதிரி வெளுத்திருந்தா ஃபில்டரோட மாத்தி, அன்னைக்கே அரை மணி நேரம் ஓட்டி, திரும்பவும் ஒரு தடவை ஆயில் மாத்துங்க. நாளைக்குப் பார்க்கலாம்னு விட்டா ராத்திரியோட சிலிண்டர்ல துரு பிடிச்சிடும்.