மெஷ்ஷைச் சிறிதாக்கினால் தகடு இன்னும் சீக்கிரம் கிழிகிறது. எதை நம்புவது?

பயிற்சிப் பொறியாளர்:
வணக்கம். 1.2 மி.மீ. தடிமனுள்ள டிபி600 என்ற உயர்வலிமை எஃகுத் தகட்டுக்கு நகாஜிமா சோதனையை (விளிம்பைப் பிடித்துக்கொண்டு தகட்டைப் பஞ்ச்சால் கிழியும்வரை அழுத்துவது) கணினியில் ஓட்டுகிறேன். அதற்காகத் தகட்டைச் சிறு கட்டங்களாக, அதாவது எலிமெண்ட்களாகப் பிரித்த வலைதான் மெஷ். 100 மி.மீ. விட்டமுள்ள அரைக்கோளப் பஞ்ச், ஷெல் எலிமெண்ட் (தகட்டை வெறும் பரப்பாகக் கொண்டு, தடிமனை ஓர் எண்ணாக மட்டும் வைப்பது), முறிவுத் திரிபு (எலிமெண்ட் கிழிந்ததாகக் கொள்ளும் திரிபு) 0.45. எலிமெண்ட் 4 மி.மீ. என்றால் பஞ்ச் 29 மி.மீ. இறங்கியதும் கிழிகிறது. 2 மி.மீ. என்றால் 26, 1 மி.மீ. என்றால் 23. ஆய்வகத்தில் அதே தகடு 34 மி.மீ. தாங்கியது. உராய்வுக் கெழுவை மாற்றி மாற்றி ஒரு வாரம் போனதுதான் மிச்சம்.

மெஷ்காரன்:
நெக்கிங் (தகடு ஓரிடத்தில் மட்டும் குறுகி மெலிவது) தொடங்கிவிட்டால் திரிபெல்லாம் ஒரே வரிசை எலிமெண்ட்டில் போய்க் குவியும். அந்தக் குறுகல் பட்டையின் அகலமே ஏறக்குறைய தகட்டின் தடிமன் அளவுதான். 4 மி.மீ. எலிமெண்ட் அதைச் சராசரியாக்கி மழுக்கிவிடும், 1 மி.மீ. உச்சத்தைக் காட்டும். எல்லா மெஷ்ஷுக்கும் ஒரே 0.45 செல்லாது. இழுவைச் சோதனையை மூன்று மெஷ்ஷிலும் ஓட்டி, ஒவ்வொன்றுக்கும் தனி முறிவுத் திரிபைக் கண்டுபிடியுங்கள்.

பழைய டை மேக்கர்:
அது சரி. ஆனால் 4 மி.மீ. மெஷ்கூட ஆய்வக அளவை எட்டவில்லையே? தம்பி, கடினமாதல் வளைவை (திரிபு கூடக்கூட எஃகின் தகைவு எப்படி ஏறுகிறது என்ற அட்டவணை) எதுவரை கொடுத்தீர்கள்?

பயிற்சிப் பொறியாளர்:
இழுவைச் சோதனையில் விசை உச்சம் தொட்ட இடம் வரை, ஐயா. மெய்த்திரிபு (அந்தந்தக் கணத்து நீளத்தை வைத்துக் கணக்கிட்ட திரிபு) 0.16.

பழைய டை மேக்கர்:
உராய்வின் மேல் பழி போட்டது வீண். அட்டவணை முடிந்த பிறகு உங்கள் மென்பொருள் என்ன செய்கிறது என்று பாருங்கள். சில மென்பொருள்கள் தகைவை அப்படியே மாறாமல் வைத்துக்கொள்ளும். அதாவது 0.16-க்குப் பிறகு உங்கள் எஃகு கடினமாவதே இல்லை. கடினமாகும் வேகம் மெய்த்தகைவுக்குச் சமமாக இறங்கும்போது இழுவையில் நெக்கிங் தொடங்கும் என்பது கான்சிடேர் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் 1885-இல் சொன்ன விதி. இங்கே அந்த வேகம் ஒரே தாவலில் பூச்சியமாகிறது, தகடு எப்படித் தாங்கும்?

உச்சத்துக்குப் பின் நீட்சியிலிருந்து மெய்த்திரிபைக் கணக்கிடாதீர்கள். அங்கே நீட்சி சீராக இருக்காது. வளைவை அதற்கு மேல் நீட்ட ஸ்விஃப்ட், வோசே என்று இரண்டு சூத்திரங்கள் உண்டு. ஸ்விஃப்ட் வளைவு ஏறிக்கொண்டே போகும், வோசே வளைவு சீக்கிரம் தட்டையாகும். இரண்டையும் கலந்து, விசை வரைபடம் இறங்கும் பகுதி பொருந்தும்வரை விகிதத்தை மாற்றுங்கள்.

மெஷ்காரன்:
இன்னொன்று. தடிமனைவிடச் சிறிய ஷெல் எலிமெண்ட்டில் நெக்கிங்கைத் தேடாதீர்கள். தடிமன் திசைத் தகைவு அதில் கிடையாது. அவ்வளவு நுணுக்கம் வேண்டுமென்றால் தடிமனையும் சேர்த்து முப்பரிமாணமாகப் பிரிக்கும் திண்ம எலிமெண்ட்தான்.

பயிற்சிப் பொறியாளர்:
வளைவைக் கலந்து நீட்டினேன். முறிவுத் திரிபைத் தொடாமலே 4 மி.மீ. மெஷ்ஷில் 36, 2 மி.மீ. மெஷ்ஷில் 33 வருகிறது. 1 மி.மீ. மட்டும் இன்னும் 30. அதைத் திண்ம எலிமெண்ட்டில் ஓடவிட்டிருக்கிறேன். காலைக்குள் முடியுமா என்று தெரியவில்லை.