மதுரையிலிருந்து முதல் வொண்டர்லா பயணம்: மைசூரையும் சேர்த்து, ஓட்டமில்லாமல் பார்க்க எத்தனை நாள் வேண்டும்?

ஆனையூர்க்காரர்:
கோடை விடுமுறையின் கடைசியில் பெங்களூர் அருகே பிடதியில் உள்ள வொண்டர்லா கேளிக்கைப் பூங்காவுக்குப் போகலாம் என்றிருக்கிறோம். ஆறு பேர்: நாங்கள் இருவர், அப்பா (68), அம்மா (63, முழங்கால் வலி), மகன் (9), மகள் (5). யாரும் இதற்குமுன் இப்படிப்பட்ட பூங்காவுக்குப் போனதில்லை. இரவு ரயில் ஏறி, காலையில் பெங்களூரில் இறங்கி அன்றே பூங்கா, மறுநாள் மைசூர், அன்றிரவே திரும்பல். இப்படித்தான் கணக்குப் போட்டிருக்கிறேன். சரிப்படுமா? அம்மா அப்பாவுக்கு அங்கே பொழுது போகுமா?

காவிரிப்பாதை:
சரிப்படாதுங்க. இரவெல்லாம் ரயிலில் வந்த பிள்ளைகள் மத்தியானம் 3 மணிக்குமேல் தாங்க மாட்டார்கள். பூங்காவே காலை 11 மணி வாக்கில்தான் திறக்கும், அதுவரை பெட்டிகளோடு எங்கே உட்காருவீர்கள்?

வரிசையைத் திருப்பிப் போடுங்கள். தூத்துக்குடி–மைசூரு எக்ஸ்பிரஸ் மதுரை வழியாகத்தான் வருகிறது. பெங்களூரில் இறங்காமல் அதிலேயே மைசூர்வரை போய்விடுங்கள். மதுரையில் சனிக்கிழமை இரவு ஏறினால் ஞாயிறு முற்பகல் மைசூர். விடுதியில் சீக்கிரமே அறை தரச் சொல்லி முன்கூட்டியே பேசிவையுங்கள். இல்லாவிட்டால் 12 மணிவரை வரவேற்பறையில்தான் காத்திருக்க வேண்டியிருக்கும்.

ஞாயிறு என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. அரண்மனையில் ஒரு லட்சத்தை நெருங்கும் பல்புகள் ஏற்றப்படுவது ஞாயிறுகளிலும் அரசு விடுமுறை நாட்களிலும்தான், இரவு 7 மணி வாக்கில். அரை மணி நேரம் முன்னாலேயே போய் நில்லுங்கள், அது ஒன்றே அன்றைக்குப் போதும். திங்கள் காலை உயிரியல் பூங்கா. 1892-லிருந்து இருப்பது, நிழல் நிறைய. ஆனால் நடை அதிகம், அம்மாவுக்கு வாசலிலேயே பேட்டரி வண்டி எடுத்துவிடுங்கள். மாலையில் சாமுண்டி மலை. ஆயிரத்துச் சொச்சம் படிகளை மறந்துவிடுங்கள், கோயில்வரை கார் போகும்.

செவ்வாய்க்கிழமை அறையைக் காலி செய்து காரில் பிடதிக்கு. ஆறு பேருக்கு எர்டிகா அல்லது இன்னோவா சொல்லுங்கள், செடான் போதாது. முதலில் ரங்கனதிட்டு பறவைகள் சரணாலயம், காலை 9 மணிக்குள். பரிசல்துறையில் வனத்துறைப் படகு, பாறைமேல் முதலை, மரமெல்லாம் நாரை. கிருஷ்ணராஜசாகர் அணையில் தண்ணீர் திறந்துவிட்டால் படகை நிறுத்திவிடுவார்கள், கிளம்புமுன் விசாரித்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து ஸ்ரீரங்கப்பட்டணம் பக்கம்தான்: ரங்கநாதர் கோயில், திப்பு சுல்தானின் கோடை மாளிகையான தரியா தௌலத். பிறகு மத்தூரில் வடை, சென்னபட்டணாவில் மரப்பொம்மை, வழியில் ஜானபத லோகா என்ற நாட்டுப்புறக் கலை அருங்காட்சியகம். இருட்டுவதற்குள் பிடதி.

ஓட்டுநரிடம் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். 2023-ல் திறந்த எக்ஸ்பிரஸ்வே மத்தூர், சென்னபட்டணா, ராமநகரம், பிடதி எல்லாவற்றையும் புறவழியாகத் தாண்டிவிடுகிறது. பேசாமல் உட்கார்ந்திருந்தால் கார் நேரே பெங்களூர் வாசலில்தான் நிற்கும். "பழைய ரோட்டில் போங்க" என்று ஏறும்போதே சொல்லிவிடுங்கள்.

பூங்கா புதன்கிழமை. செவ்வாய் இரவும் புதன் இரவும் பிடதியில் தங்கினால் அன்றைக்குப் பயணமே கிடையாது. பூங்காவை ஒட்டி அவர்களுடைய ரிசார்ட்டே இருக்கிறது. பட்ஜெட் இடம் கொடுத்தால் அதுதான் வசதி, பெரியவர்கள் மத்தியானம் அறைக்குப் போய்ப் படுத்துக்கொள்ளலாம்.

கீழ்பர்த்:
காவிரிப்பாதை சொன்னதில் ஒரு திருத்தம். ஜானபத லோகாவுக்குச் செவ்வாய் விடுமுறை. மைசூர் உயிரியல் பூங்காவுக்கும் செவ்வாய்தான், அதனால் ஒரு நாள் தள்ளிப் புறப்பட்டால் அதுவும் கைவிட்டுப் போகும். ஜானபத லோகாவை வியாழனுக்கு மாற்றுங்கள். ராமநகரத்திலிருந்து சில கிலோமீட்டர்தான், தோல்பாவை, பழைய ஏர், உரல், இசைக்கருவி என்று உங்கள் அப்பா நின்று பார்ப்பார். அன்றிரவே திரும்பும் ரயில், வெள்ளி காலை மதுரை.

டிக்கெட்டில் பலர் கோட்டைவிடும் இடம்: ஆறு பேரையும் ஒரே டிக்கெட்டில் போடாதீர்கள். மூத்தோருக்கான கீழ்பர்த் ஒதுக்கீடு (ஆண் 60, பெண் 45 வயதுக்கு மேல்) ஒரு டிக்கெட்டில் ஒருவரோ இருவரோ இருந்தால்தான் செல்லும். அம்மா அப்பாவுக்குத் தனியாக அந்த ஒதுக்கீட்டில் எடுங்கள், நீங்கள் நால்வர் பொதுவில். முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கும்.

திரும்பும்போது மைசூருக்குப் பின்னோக்கிப் போக வேண்டாம். அதே வண்டியைக் கெங்கேரியிலோ பெங்களூரிலோ பிடிக்கலாம். ஆனால் டிக்கெட்டில் ஏறுமிடமும் அந்த நிலையமாகவே இருக்கட்டும். மைசூர் என்று போட்டுவிட்டு நடுவில் ஏறப் போனால், ஆள் வரவில்லை என்று பர்த்தை ஆர்ஏசி பயணிக்குக் கொடுத்துவிடுவார்கள்.

தேதி: கர்நாடகப் பள்ளிகள் பெரும்பாலும் மே கடைசியிலேயே திறந்துவிடும், நமக்குச் சில நாள் கழித்து. அந்த இடைவெளியில் புதன் அமைந்தால் கூட்டம் நன்றாகக் குறையும். இரண்டு அரசுகளின் அறிவிப்பையும் பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள். காலாண்டு விடுமுறைக்குத் தள்ளிவிடலாமா என்று யோசிக்காதீர்கள். அது தசராவோடு மோதும், அப்போது மைசூரில் அறை கிடைப்பதே பாடு.

நீலச்சக்கரம்:
பூங்கா நாளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

அங்கே வயதைக் கேட்க மாட்டார்கள், உயரம்தான் கணக்கு. 85 செ.மீ.க்குக் கீழ் இலவசம், 85 முதல் 140 வரை சிறுவர் டிக்கெட், அதற்குமேல் பெரியவர் டிக்கெட். முதியோருக்குத் தனிக் கட்டணம் உண்டு, வயதைக் காட்டும் அசல் அடையாள அட்டை கையில் இருக்கட்டும். இணையத்தில் முன்பதிவு செய்தால் விலை குறையும், வார நாளென்றால் இன்னும் குறையும். வார நாளில், வரிசையில் நிற்காமல் ஏறவிடும் ஃபாஸ்ட் டிராக் டிக்கெட் வாங்காதீர்கள், வரிசையே இல்லாத இடத்தில் கூடுதல் பணம் கொடுப்பதாகிவிடும்.

தண்ணீர் பகுதியில் நைலான் அல்லது லைக்ரா துணிதான் அனுமதி. புடவை, சுடிதார், பருத்தி டி-ஷர்ட், பெர்முடா எல்லாவற்றையும் திருப்பி அனுப்புவார்கள். பருத்தி நூல் பிரிந்து வடிகட்டியில் அடைக்கும், ஈரமானால் கனத்துச் சறுக்கில் சிக்கும். உள்ளே கடையில் கிடைக்கும், ஆனால் நால்வருக்கும் அங்கே வாங்கினால் கை கடிக்கும். மதுரையிலேயே எடுத்துவிடுங்கள்.

திறந்தவுடன் டிரை ரைடுகளுக்கு (தண்ணீரில் நனையாதவை) போங்கள், பெரியவற்றை முதலில் முடியுங்கள். 12 மணிக்கே சாப்பாடு, 1 மணிக்குப் போனால் உணவகத்தில் இடம் தேட வேண்டும். சாப்பிட்டபின் ஒரு மணி நேரத்துக்குச் சுற்றுகிற ரைடு எதுவும் வேண்டாம். சின்னப்பெண்ணைக் குழந்தைகள் பகுதியில் விடுங்கள். பிறகு லாக்கரில் போனும் பர்ஸும் வைத்துவிட்டுத் தண்ணீர், மூடும்வரை அங்கேயே. நனைந்த உடம்போடு மறுபடி டிரை ரைடுக்குத் திரும்பும் குடும்பங்கள்தான் சாயங்காலம் சண்டையில் முடிகின்றன.

அம்மாவால் ஸ்கை வீலில் ஏற முடியும். ராட்டினம் மெதுவாகத்தான் சுற்றும், உட்கார்ந்தபடி ஊர் முழுக்கத் தெரியும். அலைக்குளத்தின் ஓரத்தில் அப்பாவுக்கு நாற்காலி பார்த்துக் கொடுத்துவிட்டால் அதுவே பிள்ளைகள் திரும்பி வந்து சேரும் இடமாகவும் இருக்கும்.

ஆனையூர்க்காரர்:
மிக்க நன்றி, இதன்படியே போடுகிறேன். மகன் 136 செ.மீ. பெரிய ரோலர் கோஸ்டரை எண்ணி இப்போதே குதித்துக்கொண்டிருக்கிறான். 140-க்கு 4 செ.மீ.தானே குறைவு, விடுவார்களா? மழை வந்தால்?

நீலச்சக்கரம்:
விட மாட்டார்கள், விடவும் கூடாது. தோளை அழுத்திப் பிடிக்கும் கம்பி பெரியவர் உடம்புக்கு அளவெடுத்தது. உயரம் குறைந்தால் கம்பிக்கும் தோளுக்கும் இடைவெளி விழும், தலைகீழாகும்போது உடம்பு நழுவும். காலணியைக் கழற்றித்தான் அளப்பார்கள். வரிசையில் நிற்கவைத்து ஏமாற்றாமல், எதிலெல்லாம் ஏறலாம் என்று வீட்டிலேயே அவனுக்குச் சொல்லிவிடுங்கள்.

தூறலுக்கு எதையும் நிறுத்த மாட்டார்கள். இடி மின்னல் என்றால் உயரமான ரைடுகளும் குளங்களும் நிற்கும். அந்தப் பருவத்தில் மழை பெரும்பாலும் பிற்பகலில்தான் வரும், பெரிய ரைடுகளை முதலில் முடிக்கச் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம்.

பொம்மைத்தட்டு:
சென்னபட்டணாவில் சாலையோரக் கடைகளில் பிளாஸ்டிக்கும் கலந்து தொங்கும். உண்மையான பொம்மை நம்மூர் வெட்பாலை மரத்தில் கடைந்தது. கடைசல் சுற்றும்போதே அரக்குக் குச்சியை அழுத்துவார்கள், சூட்டில் உருகி நிறம் ஏறும், தாழை மடலால் தேய்த்து மெருகேற்றுவார்கள். நிறம் வழவழப்பாக மரத்தோடு ஒன்றியிருக்கும், தூரிகைத் தடம் தெரிந்தால் பெயின்ட். கடைசல் பட்டறை இருக்கும் கடையாகக் கேட்டு நிறுத்தச் சொல்லுங்கள், பிள்ளைகள் பக்கத்தில் நின்று பார்க்க அரைமணி ஒதுக்கிவிடுங்கள்.