ஐஎல்-17ஐத் தடுத்தால் சோரியாசிஸ் அடங்குகிறது, குரோன் நோய் ஏன் அடங்கவில்லை?

வெள்ளணு:

உதவி டி செல்கள் (மற்ற நோயெதிர்ப்புச் செல்களை இயக்கும் வெள்ளணுக்கள்) பற்றிய பழைய பாடங்களில் ஒரு தராசு வரும். ஒரு தட்டில் டிஎச்1, மறு தட்டில் டிஎச்2 என்று அவற்றின் இரு வகைகள். முதலாவது மிகுந்து தட்டு தாழ்ந்தால் தன்னுடல் தாக்குநோய், இரண்டாவது மிகுந்து தாழ்ந்தால் ஒவ்வாமை. பிறகு ஐஎல்-17 (இன்டர்லூகின்-17) என்ற சமிக்ஞைப் புரதத்தைச் சுரக்கும் டிஎச்17 வந்தது, பழி முழுக்க அதன் தலையில் விழுந்தது. ஆனால் கணக்கு உதைக்கிறது. ஐஎல்-17-இன் ஒரு வடிவமான ஐஎல்-17ஏ-வைப் பிடித்துக்கொள்ளும் செக்யூகினுமாப் என்ற மருந்து, சோரியாசிஸ் என்ற தோல் அழற்சி நோயில் அருமையாக வேலை செய்கிறது. குரோன் என்ற குடல் அழற்சி நோயில் சோதித்தபோதோ பலன் இல்லை, சிலருக்கு நிலைமை மோசமானது. ஐஎல்-23 என்ற இன்னொரு சமிக்ஞைப் புரதத்தை (ஐஎல்-12ஐயும் சேர்த்து) தடுக்கும் உஸ்டெகினுமாப்போ இரண்டு நோயிலும் உதவுகிறது. டிஎச்17ஐ வளர்த்துவிடுவதே ஐஎல்-23 என்றால் இரண்டு மருந்தும் ஒரே விளைவைத்தானே தர வேண்டும்?

இன்னொன்று: ரத்தத்தில் டிஎச்17 எத்தனை சதவீதம் என்று ஃப்ளோ சைட்டோமெட்ரியில் (செல்களுக்குச் சாயமிட்டு லேசரில் ஒவ்வொன்றாக எண்ணும் முறை) எண்ணி, நோய் எவ்வளவு தீவிரம் என்று சொல்ல முடியுமா?

நிணநீர்:

முதல் கேள்விக்கு மட்டும் வருகிறேன். குழப்பத்தின் வேர் பி40 என்ற ஒரு புரதத் துண்டு. பி35-உடன் சேர்ந்தால் அது ஐஎல்-12, பி19-உடன் சேர்ந்தால் ஐஎல்-23. பி19 கண்டுபிடிக்கப்பட்டது 2000-இல்தான். அதற்கு முன் பி40 இல்லாத எலிகளுக்கு மூளை-தண்டுவட அழற்சி (இஏஇ, மல்டிபிள் ஸ்கிலெரோசிஸ் என்ற நரம்பு நோய்க்கான எலி மாதிரி) வரவில்லை என்பதைப் பார்த்தவர்கள், ஐஎல்-12தான் குற்றவாளி, ஆகவே அது வளர்க்கும் டிஎச்1தான் குற்றவாளி என்று எழுதிவிட்டார்கள். 2003-இல் இரண்டையும் பிரித்துப் பார்த்தபோது பி35 இல்லாத எலிகளுக்கு நோய் வந்தது, பி19 இல்லாதவை தப்பின. டிஎச்1-இன் அடையாளமான இன்டர்ஃபெரான்-காமா இல்லாத எலிகளுக்கு நோய் இன்னும் கடுமையாகவே வந்திருந்தது.

ஆனால் ஐஎல்-23 டிஎச்17ஐப் பிறப்பிப்பதில்லை. இதுதான் உங்கள் கணக்கில் விடுபட்ட வரி. இன்னும் வகை பிரியாத புதிய உதவி டி செல்லுக்கு (சிடி4 செல்) டிஜிஎஃப்-பீட்டா, ஐஎல்-6 என்ற இரண்டு சமிக்ஞைகளும் சேர்ந்து கிடைத்தால் டிஎச்17 பிறக்கிறது. அப்படிப் பிறந்தது ஐஎல்-17உடன் அழற்சியைத் தணிக்கும் ஐஎல்-10ஐயும் சுரக்கும், பெரிதாகத் தீங்கு செய்யாது. அதன் மேல் ஐஎல்-23 விழும்போதுதான் அழற்சியைத் தூண்டும் ஜிஎம்-சிஎஸ்எஃப் சுரக்கத் தொடங்குகிறது, சில செல்கள் இன்டர்ஃபெரான்-காமாவும் சுரக்கின்றன. திசுவைச் சிதைப்பவை இவை.

இப்போது குடலுக்கு வாருங்கள். அங்கே ஐஎல்-17ஏ, உட்சுவரின் எபிதீலியச் செல்களுக்கு இடையிலுள்ள இறுக்கமான இணைப்புகளைக் காக்கிறது. அதில் ஒரு பங்கு காமா-டெல்டா என்ற வேறு வகை டி செல்களிலிருந்து, ஐஎல்-23 தயவில்லாமலே வருகிறது. ஐஎல்-17ஐயே அடைத்தால் வேலியும் போகிறது, ஐஎல்-23ஐ அடைத்தால் மேய வந்த மாடு மட்டும் போகிறது. தோலில் நிலைமை வேறு: ஐஎல்-17 நேராகத் தோல் செல்களான கெரட்டினோசைட்டுகளைத் தூண்டி, நியூட்ரோஃபில் வெள்ளணுக்களை வரவழைக்கும் கீமோகைன் புரதங்களைச் சுரக்கவைக்கிறது. தீயே அதுதான், அணைத்தால் அடங்கும். ஐஎல்-17 தடுப்பு மருந்துகளால் வாயிலும் பிற சளிச்சவ்வுகளிலும் கேண்டிடா பூஞ்சைத் தொற்று கூடுவதும் அதே காவல் வேலை நின்றுபோவதால்தான்.

எலியில் கண்டதை அப்படியே மனிதருக்கு ஏற்றிவிடவும் கூடாது. மல்டிபிள் ஸ்கிலெரோசிஸில் உஸ்டெகினுமாப் பலன் தரவில்லை. டிஎச்1ஐ முழுதாக விடுவிக்கவும் முடியாது: அந்நோயாளிகளுக்கு இன்டர்ஃபெரான்-காமா கொடுத்துப் பார்த்த சோதனையில் (முடிவுகள் 1987-இல் வெளிவந்தன) நோய் மீண்டும் கிளம்பும் தாக்குதல்கள் கூடின.

சுரபி:

நிணநீர் சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் எல்லாமே சைட்டோகைன் (செல்கள் சுரக்கும் சமிக்ஞைப் புரதம்) பேச்சாகிவிட்டது. உதவி டி செல்லின் பெயரிலேயே அதன் வேலை இருக்கிறது: ஆன்டிபாடி உருவாக்கும் பி செல்லுக்கு உதவுவது. அதைப் பார்க்க, கோதுமையில் உள்ள குளூட்டன் புரதத்தால் குடல் கெடும் சீலியாக் நோயை விடத் தெளிவான இடம் இல்லை.

குளூட்டன் துண்டுகளில் உள்ள குளூட்டமைனை, திசு டிரான்ஸ்குளூட்டமினேஸ் என்ற நம் உடலின் நொதி குளூட்டமிக் அமிலமாக மாற்றுகிறது. எதிர்மின்னேற்றம் வந்ததும் அந்தத் துண்டு டி செல்லுக்குத் துண்டுகளைக் காட்டும் எச்எல்ஏ-டிக்யூ2 அல்லது டிக்யூ8 புரதத்தின் பள்ளத்தில் கச்சிதமாக உட்காருகிறது, சிடி4 செல் அதைக் காண்கிறது. இதற்கிடையே, நொதியையே அடையாளம் காணும் பி செல் ஒன்று, நொதியும் குளூட்டனும் ஒட்டிய கூட்டை அப்படியே விழுங்கிக் குளூட்டன் துண்டை வெளியே காட்டுகிறது. டி செல் பார்ப்பது குளூட்டனை, உதவி கிடைப்பதோ நொதிக்கு எதிரான பி செல்லுக்கு. நொதிக்கு எதிராக ஒரு டி செல்கூட இல்லாமலே தன்னெதிர்ப்பு ஆன்டிபாடி பிறந்துவிடுகிறது. குளூட்டனை நிறுத்தினால் சில மாதங்களில் அந்த ஆன்டிபாடி அளவு இறங்குவதும் இந்த விளக்கத்தோடு பொருந்துகிறது.

லூபஸ் என்ற தன்னுடல் தாக்குநோயில் இந்த உதவி எல்லை மீறுகிறது. சிஎக்ஸ்சிஆர்5 என்ற மேற்பரப்பு ஏற்பி உள்ள ஃபாலிகுலர் உதவி செல்கள் ஐஎல்-21 தந்து, ஒழிய வேண்டிய பி செல்களையும் வாழவைக்கின்றன. இங்கே ஐஎல்-17ஐ எண்ணிக்கொண்டிருந்தால் விஷயம் கையில் சிக்காது.

அடக்குபவர்களையும் மறக்கக் கூடாது. ஃபாக்ஸ்பி3 மரபணு பழுதானால் ஒழுங்குபடுத்தும் டி செல்கள் சரியாக உருவாவதில்லை. பச்சிளம் பருவத்திலேயே குடல், தோல், கணையம் எல்லாம் தாக்கப்படும் ஐபெக்ஸ் நோய் வருகிறது. 2025 மருத்துவ நோபல் பரிசு இந்தத் தடம் பற்றிய கண்டுபிடிப்புகளுக்குத்தான்.

சிவப்பு லேசர்:

இரண்டாம் கேள்விக்கு: ஒரு தனி நோயாளியைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல அந்த எண் போதாது. குழுக்களை ஒப்பிட உதவும், அதுவும் சரியாகச் செய்தால்.

ஹெப்பாரின் குழாயில் ரத்தம், அன்றே பிரித்தெடுத்த செல்கள், மில்லிலிட்டருக்கு 10 லட்சம். செல்களைத் தூண்ட பிஎம்ஏ 50 நானோகிராம்/மிலி, அயனோமைசின் 500 நானோகிராம்/மிலி, கூடவே சுரப்பதைச் செல்லுக்குள்ளேயே நிறுத்தும் பிரெஃபெல்டின் ஏ, 37 டிகிரியில் 4 முதல் 5 மணி நேரம். பலர் வழுக்குவது இங்கேதான்: பிஎம்ஏ பட்டதும் சிடி4 என்ற அடையாளப் புரதம் செல்லின் மேற்பரப்பிலிருந்து உள்ளே இழுக்கப்படும். கேட்டில் (எண்ண வேண்டிய செல்களைப் பிரிக்கும் எல்லை) பாதிச் செல்கள் காணாமல் போகும். செல்லை நிலைப்படுத்தித் துளையிட்ட பிறகு சிடி4ஐ உள்ளே சாயமிடுங்கள், அல்லது சிடி3 உண்டு, சிடி8 இல்லை என்று கேட் போடுங்கள். இறந்த செல்லைக் காட்டும் சாயம் நிலைப்படுத்துவதற்கு முன்பே போக வேண்டும். தூண்டாத, பிரெஃபெல்டின் மட்டும் போட்ட ஒரு குழாய் கட்டாயம்.

ஆரோக்கியமானவர் ரத்தத்தில் ஐஎல்-17ஏ சுரக்கும் செல்கள் சிடி4-இல் ஏறத்தாழ 1 சதவீதம். 5,000 சிடி4 செல்களை மட்டும் ஓட்டினால் கிடைப்பது 50. எண்ணும்போது வரும் தற்செயல் பிழையே 7, அதாவது 14 சதவீதம். ஒரு லட்சம் ஓட்டினால் அது 3 சதவீதத்துக்கு இறங்கும். இதைச் செய்யாமல் 0.9, 1.1 என்று இரண்டு எண்களை வைத்துக்கொண்டு வாதிடுவது வீண்.

லூபஸில் லிம்போசைட் எண்ணிக்கையே குறைந்திருக்கும். வகுக்கும் எண் சுருங்கினால் சதவீதம் ஏறித் தெரியும், ஆகவே மைக்ரோலிட்டருக்கு எத்தனை என்ற முழு எண்ணையும் கொடுங்கள். ஸ்டீராய்டு எடுப்பவர், எடுக்காதவர் இருவரையும் ஒரே குவியலில் போடாதீர்கள். ஃபாக்ஸ்பி3-ஐயும் சேர்த்துப் பார்ப்பதானால், மனிதச் செல்களில் தூண்டப்பட்ட சாதாரண டி செல்லும் கொஞ்ச நேரம் அதைக் காட்டும். ஒழுங்குபடுத்தும் செல்லின் அடையாளமான சிடி25 அதிகம், சிடி127 குறைவு என்பதையும் சேர்த்தே முடிவெடுங்கள்.

வெள்ளணு:

மிகவும் நன்றி. தூண்டாமலே, மேற்பரப்பு அடையாளங்களை வைத்து மட்டும் பிரிக்கலாமா? மாதிரிகள் குறைவாக இருக்கும்போது உதவுமே.

சிவப்பு லேசர்:

பிரிக்கலாம். சிடி45ஆர்ஏ இல்லாத (அதாவது ஏற்கெனவே தூண்டப்பட்டு நினைவு பெற்ற) சிடி4 செல்களில் சிசிஆர்6 உண்டு, சிஎக்ஸ்சிஆர்3 இல்லை என்றால் டிஎச்17 பக்கம். இரண்டும் இருந்தால் இன்டர்ஃபெரான்-காமாவும் சுரக்கக்கூடிய கலப்பு வகை. நிணநீர் சொன்ன சேதக்காரர்கள் இங்கே கலந்திருக்கலாம், அதனால் அவற்றைத் தூக்கி எறியாமல் தனியாக எண்ணுங்கள். ஒழுங்குபடுத்தும் செல்களிலும் சிசிஆர்6 இருக்கும் என்பதால் சிடி25, சிடி127 இங்கேயும் வேண்டும்.

ரத்தம் எடுக்கும் நாளும் முக்கியம். குளூட்டனை நிறுத்தியிருந்த சீலியாக் நோயாளி 3 நாள் குளூட்டன் சாப்பிட்டால், அதற்கு எதிரான செல்கள் ரத்தத்தில் உச்சமாகத் தெரிவது 6-ஆம் நாள் வாக்கில். சில நாள் தள்ளி எடுத்தால் ஏறக்குறைய ஒன்றும் இருக்காது, எல்லாம் குடலுக்குப் போயிருக்கும்.