கணையத்தின் வாலில் 4 செ.மீ. நீர்க்கட்டி: அப்பாவுக்கு ஆபரேஷன் தேவையா?

கேள்வி:
வணக்கம். அப்பாவுக்கு 58 வயது. சிறுநீரகக் கல்லுக்காக ஸ்கேன் எடுக்கப் போனோம். கல் சின்னதுதான், ஆனால் கணையத்தின் வால் பகுதியில் 4 செ.மீ. நீர்க்கட்டி இருக்கிறது என்றார்கள். வலியோ எடை குறைவோ மஞ்சள் காமாலையோ கிடையாது. சி.டி. ரிப்போர்ட்டில் 'சளி சுரக்கும் வகையாக இருக்கலாம்' என்று போட்டிருக்கிறது. அந்த வகை பிற்பாடு புற்றுநோயாக மாறக்கூடுமாம். ரத்தத்தில் சி.ஏ. 19-9 (கணையப் புற்றுநோய் இருந்தால் கூடக்கூடிய ஒரு பொருள்) அளவு 91. 37-க்குள் இருக்க வேண்டுமாம். வாலையும் மண்ணீரலையும் சேர்த்து எடுத்துவிடலாம் என்கிறார் சர்ஜன். அப்பா சரி என்று தலையாட்டிவிட்டார். எனக்குத்தான் அந்த 91-ஐ நினைத்தாலே வயிற்றைப் பிசைகிறது. அவசரப்படுகிறோமா?

பதில் 1:
தங்கச்சி, ஆறு வருடம் முன்பு எனக்கும் இதே கதைதான். வால் பகுதி, 5 செ.மீ., சி.ஏ. 19-9 கூடுதல். புற்றுநோய் என்றே வீட்டில் எல்லோரும் முடிவு கட்டிவிட்டோம். வாலும் மண்ணீரலும் போயின. பத்து நாள் கழித்து பயாப்ஸி முடிவு வந்தது: லிம்போஎபிதீலியல் சிஸ்ட். உள்சுவரில் தோலில் இருப்பது போன்ற தட்டைச் செல்கள், சுற்றிலும் நிணநீர்த் திசு, உள்ளே பற்பசை மாதிரி கெரட்டின் (தோலிலும் நகத்திலும் இருக்கும் புரதம்). மிக அரிதானது, பெரும்பாலும் நடுவயது ஆண்களுக்கு வருவது, புற்றுநோயாக மாறாதது. அந்தச் சுவரே சி.ஏ. 19-9 சுரக்கக்கூடியதாம்!

எனக்கு ஊசி வைத்துப் பார்க்கவே இல்லை. அந்த ஆதங்கம் இன்னும் தீரவில்லை. கணையத்தில் ஒரு பகுதி போனதால் இப்போது சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறேன். மண்ணீரல் இல்லாததால், லேசாகக் காய்ச்சல் அடித்தாலும் அன்றைக்கே டாக்டரிடம் ஓட வேண்டும். எண்டோஸ்கோப்பி அல்ட்ராசவுண்ட் வழியாக ஊசியில் எடுத்துப் பார்க்கலாமா என்று கேளுங்கள். ஆபரேஷன்தான் என்றால், நிமோகாக்கஸ், மெனிஞ்சோகாக்கஸ், ஹீமோஃபிலஸ் கிருமிகளுக்கான தடுப்பூசிகளை 2 வாரம் முன்னதாகவே போட்டுவிடுங்கள். எனக்கு அதைக்கூட அப்புறம்தான் போட்டார்கள்.

பதில் 2:
நான் செல் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். ஊசியில் வரும் திரவத்தில் சி.ஈ.ஏ. என்ற புரதம் 192-க்கு மேல் இருந்தால் சளிக்கட்டி என்று சந்தேகிப்பது வழக்கம். ஆனால் மேலே அண்ணன் சொன்ன வகையிலும் அது எகிறலாம். எண்ணை மட்டும் வைத்து முடிவெடுக்காமல், ஸ்லைடில் என்ன செல்கள் தெரிகின்றன என்று கேளுங்கள். எம்.ஆர்.ஐ. எடுத்து, கட்டிக்குள் திடமான முடிச்சு இருக்கிறதா, கணையக் குழாய் விரிந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இருந்தால் சர்ஜன் சொல்வதில் நியாயம் உண்டு, தள்ளிப்போடாதீர்கள்.

கேட்டவர், மூன்று வாரம் கழித்து:
ஊசி வைத்துப் பார்த்தார்கள். திரவம் சிரிஞ்சில் லேசில் ஏறவில்லை, அவ்வளவு கெட்டி. சி.ஈ.ஏ. 300-ஐத் தாண்டியது என்று கேட்டதும் எனக்குக் கண் இருட்டிவிட்டது. ஆனால் ஸ்லைடில் கெரட்டினும் தட்டைச் செல்களும் ஏராளமான லிம்போசைட்டுகளும் (நிணநீர்த் திசுவின் செல்கள்)தான். சளியும் இல்லை, சந்தேகப்படும்படியான செல்லும் இல்லை. எம்.ஆர்.ஐ.-யில் முடிச்சு இல்லை, குழாயும் விரியவில்லை. சர்ஜனே ரிப்போர்ட்டை இரண்டு முறை படித்துவிட்டு, ஆபரேஷன் வேண்டாம், 6 மாதம் கழித்து மறுபடி எம்.ஆர்.ஐ. எடுப்போம் என்றார். அண்ணா, உங்கள் பதிலை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். உங்கள் சர்க்கரை இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்கச் சொன்னார்.